வெம்பக்கோட்டைப் பாதையில் முப்பத்தொரு ஜோடிக் கால்கள்

இந்த வலைப்பூவில் வழக்கமாக அருவி, மலைப்பாதை, எங்கே என்ன சாப்பிடலாம் என்பதுதான் வரும். இந்த முறை போனது வேலை நிமித்தம். கடந்த பிப்ரவரியில் இரண்டு நாள், திருச்சியிலிருந்து விருதுநகர், சாத்தூர், வெம்பக்கோட்டை என்று ஒரு சுற்று. அந்தப் பக்கம் அணை பார்க்கப் போகிறவர்களுக்கும், என்னைப் போல மாணவர்களின் கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிடப் போகிற ஆசிரியர்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓர் உடற்கல்வியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நாளைக்குப் பள்ளிகளில் பி.டி. டீச்சராகப் போகிறவர்கள் எங்களிடம் படிக்கிறார்கள். இறுதி ஆண்டில் ஆளுக்கொரு பள்ளிக்குப் போய் நாற்பது நாள் வகுப்பு நடத்த வேண்டும். முன்பு அதைத் தடிமனான நோட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதில் பாதி கற்பனை என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இரண்டு வருடமாக எல்லாம் செல்போன் செயலிதான். போனை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரில் ஓட்டத்தைத் தொடங்கும் துப்பாக்கிச் சத்தம் போட்டால், சத்தம் கேட்டதிலிருந்து குழந்தை முதல் அடி எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று அது கணக்கிட்டுச் சொல்லும். அந்த வீடியோவை வெட்டாமல், அழிக்காமல் ஏற்ற வேண்டும். அழித்தால் 'தொழில் அறம்' என்ற தாளில் பூஜ்யம். இந்த விதிகளை எழுதியது நான்தான். துப்பாக்கிச் சத்தத்தைக்கூட எங்கள் மைதானத்தில் மூன்று நாள் விடியற்காலையில் காத்திருந்து, காக்கைக் குரல் கலக்காமல் நானே பதிவு செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முத்துமாரி என்கிற மாணவி தன் சொந்த ஊர்ப் பள்ளியில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டை போகிற பாதையில் உள்ள சிற்றூர் அது. முதல் நாள் அவள் ஏற்றிய எண்களைப் பார்த்து எல்லோரும் முகம் சுளித்தோம். மற்ற பள்ளிகளில் அரை நொடிக்குள் கிளம்புகிற பிள்ளைகள், அவளிடம் மூன்று நொடி, நான்கு நொடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு 'ஓடவில்லை' என்றே இருந்தது. அதற்குப் பிறகு செயலியில் அவள் கட்டம் காலி. முதல் நாளுடையதும் சேர்த்து வீடியோ ஒன்றுகூட வரவில்லை. வகுப்பே நடத்தாமல் ஏமாற்றுகிறாள் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். அது உண்மையானால் அடுத்த வருடம் திரும்பவும் நாற்பது நாள். ஜூன் மாதம் விருதுநகரில் ஒரு பள்ளி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த வேலையும் போகும். நேரில் பார்த்து ஒரு பக்க அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

திருச்சியில் காலை ஏழே காலுக்கு ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கை, முன்பதிவோடு 110 ரூபாய். மதுரை தாண்டியதும் வலது பக்கம் உட்காருங்கள். வெயில் மறுபக்கம் போய்விடும், கரிசல் காடு கண் எட்டும் வரை விரிந்து கிடக்கும். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அதே கருப்பு மண், அதே சீமைக்கருவேலம். ரயில் நகராமல் நிற்க, நிலம் மட்டும் மெதுவாகப் பின்னால் போவதாகத் தோன்றியது. பத்து மணிக்குச் சற்று முன்பு விருதுநகர்.

ஸ்டேஷனிலிருந்து கடைவீதிக்கு நடந்தே போகலாம். மிளகாய் வற்றல் மூட்டை இறங்குகிற தெரு எது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, உங்கள் மூக்கு சொல்லும். நான் ஏழு தும்மல் போட்டேன். எதிரே மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர் ஒரு தும்மல்கூடப் போடாமல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பன்னிரண்டரைக்கு எண்ணெய்ப் பரோட்டா. இரண்டு போதும் என்று சொன்னேன், நான்கு சாப்பிட்டேன். 90 ரூபாய். பிறகு சாத்தூருக்குப் பேருந்து, 27 கிலோமீட்டர், 45 நிமிடம், 25 ரூபாய். சாத்தூரில் ஒரு விடுதியில் பையை வைத்தேன். அறை 750 ரூபாய், சுத்தமாக இருந்தது.

பள்ளி மறுநாள் காலைதான் என்பதால் மாலையில் அணைக்குப் போனேன். நிலையத்துக்கு வெளியே கருப்பசாமி என்பவரின் ஆட்டோ.

"எங்கன போகணும்க்கா?"

"வெம்பக்கோட்டை டேம். போய்ட்டு வரணும்."

"அறுநூத்தி அம்பது குடுங்க. அங்கன எம்புட்டு நேரம் நின்னாலும் அதேதேன்."

ஒரு பக்கம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வழியெல்லாம் வேப்ப மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றும் தனியாக. பட்டாசு கம்பெனிகள் அப்படித்தான் கட்டப்படுகின்றன, ஒன்றில் தீப்பிடித்தால் இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்று. ஆள் நடமாட்டமே தெரியவில்லை. உள்ளே போகிறவர்கள் வாசலிலேயே செல்போனைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கருப்பசாமி சொன்னார். "எம் பொஞ்சாதி அந்தா, அந்தப் பனைக்கு அங்கிட்டு இருக்கா. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அவ இந்த ஒலகத்துலயே இல்ல."

அணையில் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. வைப்பாற்றில் வருகிற தண்ணீர். கரையில் நானும் அவரும், தூரத்தில் ஆடுகள். நாரைகள் தண்ணீரில் நின்றபடியே தூங்கின. காற்று விழுந்து, வானம் எது, நீர் எது என்று பிரிக்கத் தெரியாத நேரம். நான் எதற்காக வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. அறிக்கை, விதி, நொடிக் கணக்கு எல்லாம் வேறு யாருடைய கவலையோ என்று இருந்தது.

அப்போது எங்கோ 'டொம்' என்று ஒரு சத்தம். நாரைகள் எழுந்தன. நான் அவசரமாகப் படம் எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் கருப்பசாமி பேச்சை நிறுத்திவிட்டுப் பனை மரப் பக்கம் பார்த்து நின்றார். கொஞ்ச நேரம் கண்ணே இமைக்கவில்லை. பிறகு தோளைத் தளர்த்திக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லக்கா. ஒத்த சத்தந்தேன். செஞ்ச வெடிய வெடிச்சுப் பாக்காக."

நான் சரி என்று தலையாட்டிவிட்டு, படத்தில் நாரைகள் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். நான் பார்த்ததெல்லாம் அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் ஒரு வேன் நின்று பெண்களை இறக்கியது. சாயும் வெயிலில் அவர்கள் கைகள் மின்னின. பட்டாசில் சேர்க்கிற, கழுவியும் போகாத அலுமினியப் பொடி. கருப்பசாமியின் மனைவி எங்கள் ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டார். "சாப்பிட்டீகளாக்கா?" என்று மாலை ஐந்தரைக்குக் கேட்டார். அது அந்தப் பக்கத்து நலம் விசாரிப்பு. தங்கள் ஊர் வளைவில் இறங்கும்போது என் பையை நகர்த்தி வைத்தார். நான்கு விரல் தடம் வெள்ளியாக அதில் பதிந்தது. இன்னும் போகவில்லை, நானும் துடைக்கவில்லை.

மறுநாள் காலை 7.50க்குச் சாத்தூரிலிருந்து நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை. ஊர் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு அரை கிலோமீட்டர் நடை. லேசான பனிக்குள் மைதானம் கருப்பாகத் தெரிந்தது. வேப்ப மரத்தடியில் முப்பத்தொரு பிள்ளைகள், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. கால் உடைந்த நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து அதில் போனைக் கட்டிக்கொண்டிருந்தாள் முத்துமாரி. தரையிலிருந்து ஒரு முழ உயரம்கூட இல்லை. இதில் பிள்ளைகளின் இடுப்பு வரைதான் விழும், இதுகூடத் தெரியாதா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"ஏன் எதையும் ஏத்தல?" என்று கேட்டேன்.

"சொல்றேன் மேடம். வகுப்பு முடியட்டும்."

"முதல் நாள் வீடியோ எங்க?"

"அழிச்சிட்டேன்."

அழித்துவிட்டேன் என்று இப்படி நேராகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபம் தலைக்கு ஏறியது. பிள்ளைகள் கோட்டில் நின்றிருந்தார்கள். காலை வழிபாட்டுக்கு வைத்த ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருந்தது. எப்படிச் செய்வது என்று காட்டித் தருகிறேன் என்று என் போனை அதில் இணைத்தேன். "மேடம், வேண்டாம்" என்று அவள் ஓடி வருவதற்குள் சத்தத்தைப் போட்டுவிட்டேன்.

ஒரு பிள்ளைகூட ஓடவில்லை.

முப்பத்தொரு தலைகளும் திரும்பின. ஒரே பக்கம் அல்ல. சிலர் கிழக்கே, சிலர் அணைப் பக்கம், இரண்டு பேர் என் தலைக்கு மேலாக எனக்குப் பின்னால். ஒரு சின்னப் பெண் சுற்றுச்சுவர் ஓரத்துக் கல்லில் ஏறி எட்டிப் பார்த்தாள். யாரும் அழவில்லை, கத்தவில்லை. அவரவர் திசையில் வானத்தைப் பார்த்தபடி, தீப்பிடித்திருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்குமே, அடுத்த சத்தம் வருகிறதா என்று காத்து நின்றார்கள். அணைக்கரையில் கருப்பசாமி நின்ற அதே நிற்பு. அம்மா எந்தக் கம்பெனியில் இருக்கிறாரோ அந்தத் திசை. போனில் கூப்பிட முடியாது. புகை எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.

முத்துமாரி மைதானத்தின் நடுவே போய் இரு கைகளையும் உயர்த்திக் காட்டினாள்.

"ஏலே, ஒத்த சத்தந்தேன். ஸ்பீக்கரு. இந்தா பாருங்க, இந்தப் பெட்டிதேன். எல்லாரும் உக்காருங்க. வெண்ணிலா, கல்ல விட்டு எறங்குத்தா."

அவர்கள் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரிடமும் போய்த் தோளைத் தொட்டுவிட்டு வந்தாள். நான் ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இருபது வருடமாக மைதானத்தில் நிற்கிறேன். அவ்வளவு வெட்கப்பட்டு நின்றதில்லை.

வேப்ப மரத்தடியில் அவள் சொன்னதை இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

"மொத நாளும் இப்படித்தான் மேடம். எனக்குத் தெரியும். நானும் இந்த ஊருதான். மாவட்டப் போட்டியில துப்பாக்கி வெடிச்சப்ப அம்மா கம்பெனிப் பக்கம் பாத்துட்டு நின்னு கடைசியா வந்தவ நான். தெரிஞ்சிருந்தும் போட்டேன். மார்க்குக்காகப் போட்டேன். அதுதேன் மேடம் என்னோட தப்பு. அழிச்சது தப்பில்ல."

அன்று இரவெல்லாம் அவளுக்கு உறக்கம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவுக்குப் போய், பிள்ளைகளின் அம்மாக்களை உட்கார வைத்து அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறாள், இதை எடுத்தது நான், அனுப்பவா வேண்டாமா என்று கேட்டு. ஒவ்வொரு அம்மாவுக்கும் தன் பிள்ளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று புரிந்திருக்கிறது. ஒருத்தி மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இத அழிச்சிருத்தா" என்றிருக்கிறாள். அவர்கள் கண் முன்னாலேயே அழித்திருக்கிறாள். பிறகு அவர்களே ஒரு வழியும் சொன்னார்கள். "ஓடுறத எடுத்துக்க. காலை மட்டும் எடுத்துக்க. மொகம் வேண்டாம்."

போன் ஒரு முழ உயரத்தில் இருந்ததற்கு அதுதான் காரணம். முழு உடலும் விழாத வீடியோவை எங்கள் செயலி வாங்காது. அதனால் கட்டங்கள் காலி.

"அப்ப எப்படிக் கிளப்புற?"

பாவாடையில் செருகியிருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் போட்டிருந்தது டிராக் சூட், கைக்குட்டை அதன் பையில் இருந்தது. கையை உயர்த்தி அதை விடுவாள். கைக்குட்டை விரலை விட்டதும் ஓட வேண்டும். மெதுவாக ஓடும் வீடியோவில் ஒரு நொடியை 240 துண்டுகளாகப் பார்க்கலாம். கைக்குட்டையின் நிழல் மண்ணில் அசைகிற துண்டிலிருந்து, குதிகால் எழும்புகிற துண்டு வரை ஒவ்வொன்றாக எண்ணி, ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். முப்பத்தொரு பேர், இருபத்திரண்டு நாள். நாங்கள் ஒழித்துக்கட்டியதாக நினைத்த அந்தத் தடிமனான நோட்டு.

அந்த வீடியோக்களைப் பார்த்தேன். வெறும் கால்கள். கருப்பு மண் விரல்களுக்கு நடுவே மெல்ல எழுந்து, தொங்கி, மெல்ல அமர்கிறது. ஒரு கொலுசு மேலே போய்க் கீழே வர யுகமாகிறது. சத்தமே இல்லை. எத்தனை பார்த்தேன் என்று தெரியவில்லை, பள்ளி மணி அடித்தபோதுதான் நிமிர்ந்தேன். யாருடைய கால் எது என்று கேட்டால் அவள் பெயர் சொன்னாள், ஒன்றுகூடத் தவறவில்லை. 'குழந்தையின் நலனே முதலில்' என்று புரொஜக்டர் போட்டு நான் வருடா வருடம் பாடம் நடத்துகிறேன். தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி அது. அவள் அந்தக் கேள்விக்கு எப்படி எழுதியிருந்தாள் என்று எனக்கு நினைவில்லை.

கல்லில் ஏறிய வெண்ணிலா பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க ஓடுவீகளா டீச்சர்?"

செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு கோட்டில் நின்றேன். நாற்பத்தாறு வயது, முந்தைய நாளின் நான்கு பரோட்டா. கைக்குட்டை விழுந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் ஏதோ ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். முத்துமாரி எண்ணிப் பார்த்துச் சொன்னாள், என் கால் கிளம்ப 1.3 நொடி. முப்பத்திரண்டு பேரில் நான்தான் கடைசி.

கிளம்பும் முன் ஒன்று கேட்டேன். "போட்டிக்குப் போனா துப்பாக்கிதானே? என்ன செய்வ?"

"பழக்கணும் மேடம். ஆனா இப்படியில்ல. அவுக அம்மாமாருக்கு லீவு நாள்ல, அவுகள வரச்சொல்லி, ஓடி முடிக்கிற கோட்டுல நிக்க வச்சுட்டுப் போடணும். பிள்ளைகளுக்கு முன்னாடியே சொல்லிட்டு. சத்தம் கேட்டா அம்மாவத்தான தேடுவாங்க? அம்மா அங்கதான் நிப்பாங்க."

திரும்பும் ரயிலில் அறிக்கை எழுதினேன். பதிவு அழிக்கப்பட்டதா? ஆம். யார் அனுமதியோடு? தாய்மார். தவறு எங்கே நடந்தது? அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். குழுவில் இரண்டு வாரம் வாதம் நடந்தது. விதி விதிதானே என்று ஒருவர் கடைசி வரை சொன்னார். அவள் நோட்டை நான் மேசையில் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். அதன் பிறகு பேச்சு குறைந்தது. முத்துமாரி தேறினாள். எங்கள் செயலியில் இப்போது துப்பாக்கி கட்டாயமில்லை, கால் மட்டும் உள்ள வீடியோவையும் ஏற்றலாம். முதலில் பெற்றோரைக் கேட்டோமா என்ற கட்டம் புதிதாக வந்திருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள், அணையில் தண்ணீர் இருக்கும், வெயில் தாங்கும். இரண்டு நாளுக்கு எனக்கு 2,300 ரூபாய்க்குள்தான் ஆயிற்று, சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ உட்பட. கம்பெனிகளின் வாசலில் படம் எடுக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டுமென்றால் அவர்கள் அம்மாக்களைக் கேளுங்கள், மாலை ஐந்தரைக்கு வேன் வரும். வழியில் ஒரு சத்தம் கேட்டு உங்கள் டிரைவர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், அவர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பும் வரை நீங்களும் பேசாமல் இருங்கள்.

மார்ச் கடைசி ஞாயிறு மாலை முத்துமாரியிடமிருந்து எனக்கு ஒரு வீடியோ வந்தது. பதினோரு நொடி. கோட்டில் வெறும் கால்கள் வரிசையாக. என் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. ஒரு காலும் திரும்பவில்லை, எல்லாம் ஒரே திசையில் போகின்றன, மண் எழுகிறது. கடைசியில் திரையின் ஓரத்தில், தூரத்தில், முடிக்கிற கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு கால்கள் தெரிகின்றன. சேலைக் கரைகள், ரப்பர் செருப்புகள். அவையும் நிற்கவில்லை. பிள்ளைகளை நோக்கி ஓடி வருகின்றன.